பந்தய எஞ்சினுக்கு வெளிப்புற ஆயில் பம்பைத் தேர்ந்தெடுத்தல்: புதுச்சேரிப் பட்டறை ஒன்றிலிருந்து முழுமையான வழிகாட்டி

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டைப் பிரித்துப் பூட்டிய எவருக்கும், டிரை சம்ப் என்ற சொல் தெரியாவிட்டாலும் அதன் வேலை தெரிந்திருக்கும். சம்ப் என்பது எஞ்சினின் அடியில் ஆயில் சேரும் தொட்டி; அதில் ஆயிலைத் தேக்கி வைக்காத அமைப்பே டிரை சம்ப். அந்த எஞ்சினில் கிராங்க் சுழலும் அறையில் ஆயில் தேங்கி நிற்பதில்லை. கிராங்க் கேஸின் வார்ப்பிலேயே ஆயிலுக்கென்று தனி அறை இருக்கிறது. ஃபீட் பம்ப் அங்கிருந்து ஆயிலை எடுத்து அனுப்ப, ரிட்டர்ன் பம்ப் கீழே வடிவதை இழுத்து மீண்டும் அந்த அறையிலேயே சேர்க்கிறது. பந்தயக் காரின் எஞ்சினுக்கு வெளியே பெல்ட்டில் ஓடும் பம்பும் இதே வேலையைத்தான் செய்கிறது; வேகமும் அளவும் மட்டுமே வேறு. அந்த அறைக்குப் பதில் இங்கே தனி டேங்க்; பம்பின் ஒரே தண்டில் அடுத்தடுத்து அமைந்த பிரிவுகளில் அழுத்தப் பிரிவு ஃபீட் பம்பின் வேலையையும், இழுப்புப் பிரிவுகள் ரிட்டர்ன் பம்பின் வேலையையும் செய்கின்றன.

புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குக் கார் கொண்டு செல்லும் இளைஞர்கள் என்னிடம் வரும்போது, பெரும்பாலும் எந்த நிறுவனத்தின் பம்பை வாங்கலாம் என்ற கேள்வியுடன்தான் வருகிறார்கள். அந்தக் கேள்விக்குக் கடைசியில்தான் விடை சொல்ல முடியும். பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அது ஆயிலின் ஓட்டத்தை மட்டுமே தருகிறது. அந்த ஓட்டத்தை எஞ்சினின் பேரிங்குகள் எவ்வளவு தடுக்கின்றனவோ, அதுவே கேஜில் அழுத்தமாகத் தெரிகிறது. ஆகவே முதலில் அளக்க வேண்டியது எஞ்சினைத்தான், பம்பை அல்ல.

முதல் படி: தேவையா, அனுமதி உண்டா

காரை ஓட்டப்போகும் பிரிவின் தொழில்நுட்ப விதிகளை முதலில் படியுங்கள். இந்தியாவில் மோட்டார் பந்தயங்களை நெறிப்படுத்தும் எஃப்எம்எஸ்சிஐ ஒவ்வொரு பிரிவுக்கும் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று வரையறுக்கிறது. கார் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு நெருக்கமாகவே ஓட வேண்டிய பிரிவில் வெளிப்புற பம்பைப் பொருத்திவிட்டுப் பரிசோதனை மேடையில் நிற்பது வீண்செலவு.

அடுத்து, உங்கள் ஓட்டத்தின் தன்மையைப் பாருங்கள். கார் வளைவில் 1 ஜி (புவியீர்ப்புக்குச் சமமான) பக்கவாட்டு விசையில் திரும்பும்போது சம்பில் உள்ள ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்துவிடும். சாதாரண சம்பில் உறிஞ்சுவாய் அந்த நேரத்தில் காற்றில் நிற்கும். சுற்றுத் தடத்தில், நல்ல பந்தய டயருடன் ஓடும் காருக்கு இது ஒவ்வொரு சுற்றிலும் நேரும். நேர்க்கோட்டு டிராக் (drag) பந்தயத்தில் ஆயில் பின்பக்கமாக மட்டுமே ஒதுங்குவதால், பின்புறம் உறிஞ்சுவாய் வைத்த ஆழமான சம்பும் ஒற்றைப் பிரிவு வெளிப்புற பம்பும் போதும்; மூன்று நான்கு பிரிவு பம்புக்குச் செலவழிக்கத் தேவையில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை பந்தயத் தடம் அல்ல என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவைக்கிறேன். அங்கே ஓட்டுவதற்காகக் கேட்பவர்களுக்கு நான் எஞ்சின் கட்டித் தருவதில்லை.

இரண்டாம் படி: எஞ்சினின் ஆயில் பசியை அளத்தல்

பேரிங்குக்கும் அதற்குள் சுழலும் கிராங்க்கின் உருளைப் பகுதியான ஜர்னலுக்கும் இடையிலுள்ள கிளியரன்ஸ்தான் ஆயில் தேவையைத் தீர்மானிக்கும் முதல் எண். ஜர்னலின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது எஞ்சின் கட்டுவோரிடையே நெடுநாளாக வழங்கிவரும் தொடக்கக் கணக்கு. 50 மில்லிமீட்டர் ஜர்னலுக்கு 0.05 மில்லிமீட்டர். இந்த இடைவெளியில் கசியும் ஆயிலின் அளவு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கிளியரன்ஸை 0.05-இலிருந்து 0.06-க்குக் கொண்டுபோனால் அது வெறும் 20 சதவீதக் கூடுதலாகத் தோன்றும். ஆனால் கசிவு ஏறத்தாழ 1.7 மடங்காகிவிடும். 0.075 ஆனால் மூன்று மடங்கையும் தாண்டும். லேத்தில் கிராங்க்கை அரைத்துக் கொடுத்தவர் கையால் ஆட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்வதை நம்பி பம்ப் வாங்கக்கூடாது. மைக்ரோமீட்டரால் ஒவ்வொரு ஜர்னலையும், பேரிங் பொருத்தி அதன் மூடியை முறுக்கிய பிறகு, உள்விட்டம் அளக்கும் போர் கேஜால் ஒவ்வொரு துளையையும் அளந்து, தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது எண் ஆயிலின் தடிமன். எஸ்ஏஇ தரப்படி 50 கிரேடு ஆயில் 100 டிகிரி செல்சியஸில் குறைந்தது 16.3 சென்டிஸ்டோக் இருக்க வேண்டும்; 30 கிரேடு 9.3-க்கும் 12.5-க்கும் இடையில் இருக்கும். 20டபிள்யூ-50 ஊற்றி வந்த எஞ்சினில், உராய்வு குறையட்டும் என்று 30 கிரேடுக்கு மாறினால், அதே கிளியரன்ஸில் கசிவு இரு மடங்கை நெருங்கலாம். எனவே பம்பைத் தேர்ந்தெடுக்கும் முன்பே எந்த ஆயிலில் ஓடப்போகிறீர்கள் என்று முடிவுசெய்துவிடுங்கள். பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட்டுகள், டர்போவுக்குப் போகும் கிளை, சிலிண்டர் ஹெட்டுக்குப் போகும் வழி ஆகியவை இவற்றோடு சேரும். ஜெட் ஒன்றைக் கழற்றி, சூடான ஆயிலை ஓட்ட அழுத்தத்தில் அதன்வழி விட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் வருகிறது என்று அளவுக் குடுவையில் பிடித்துப் பார்ப்பது எளிது.

முழு எஞ்சினுக்கும் இதே சோதனையைச் செய்யலாம். கட்டி முடித்த எஞ்சினின் ஆயில் கேலரியில் (பிளாக்கிற்குள் ஆயில் ஓடும் முதன்மை வழி), மின்மோட்டாரால் ஓடும் பழைய கியர் பம்ப் ஒன்றிலிருந்து 90 டிகிரிக்குச் சூடாக்கிய ஆயிலை ஓட்ட அழுத்தத்தில் செலுத்தி, கீழே வடிவதை அளக்க வேண்டும். கிராங்க் சுழலாமல் எடுக்கும் அளவு என்பதால் இது உண்மைத் தேவையைவிடக் குறைவாகவே காட்டும்; சுழலும் பேரிங் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். ஆனாலும் வெறும் யூகத்தைவிட இது மேலானது.

மூன்றாம் படி: கொள்ளளவும் வேகமும்

வெளிப்புற பம்பின் அளவு, ஒரு சுற்றுக்கு எத்தனை கனசென்டிமீட்டர் என்ற கணக்கில் தரப்படுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று 7,500 சுற்றில், சூடான நிலையில், நிமிடத்திற்கு 30 லிட்டர் கேட்கிறது என்று எடுத்துக்கொள்வோம். தேய்மானத்திற்கும் ஆயிலில் கலந்த காற்றுக்கும் கால் பங்கு கூட்டினால் ஏறத்தாழ 37 லிட்டர். பம்ப் கிராங்க்கின் பாதி வேகத்தில் ஓடுகிறது என்றால் அது நிமிடத்திற்கு 3,750 முறை சுழலும். பம்பின் உள்ளேயே கசிந்து திரும்புவது போக 85 சதவீதம்தான் வெளியே வரும் என்று கொண்டால், 37-ஐ 3.75-ஆலும் 0.85-ஆலும் வகுக்க, ஒரு சுற்றுக்கு 11.6 கனசென்டிமீட்டர் கிடைக்கிறது. உங்களுக்குத் தேவையான அழுத்தப் பிரிவின் அளவு இதுதான்.

இந்தக் கணக்கோடு நிறுத்திவிடாமல், பந்தயத்தில் எஞ்சின் இறங்கக்கூடிய மிகக் குறைந்த சுற்றிலும் அதே பம்ப் என்ன தருகிறது என்று பார்க்க வேண்டும். 2,500 சுற்றில் இந்த பம்ப் 1,250 முறைதான் சுழலும்; வெளியே வருவது சுமார் 12 லிட்டர். பேரிங்கில் சுமை குறைவாக இருக்கும் அந்த வேகத்தில் இது போதுமானதா என்பதைக் கேஜ் சொல்லும். போதாவிட்டால் பம்பைப் பெரிதாக்குவதா, புல்லியின் பல் எண்ணிக்கையை மாற்றி வேகத்தைக் கூட்டுவதா என்ற கேள்வி எழும். கிராங்க்கில் 18 பல், பம்பில் 36 பல் என்றால் விகிதம் 0.5, கிராங்க்கில் 20 பல் போட்டால் 0.556. நான் பெரும்பாலும் சற்றுப் பெரிய பம்பை மெதுவாக ஓட்டுவதையே விரும்புவேன். வேகமாகச் சுழலும் பற்களுக்கு இடையில் ஆயில் நிரம்ப நேரம் போதாமல் வெற்றிடக் குமிழ்கள் உண்டாகி, அவை உலோகத்தைக் குழிகளாக அரிக்கத் தொடங்கும். தயாரிப்பாளர் குறித்துள்ள உச்ச வேகத்தை ஒருபோதும் மிஞ்சக்கூடாது.

தேவையைப்போல் இரு மடங்கு பம்ப் வாங்கினால் என்ன கெடும் என்று கேட்பார்கள். நிமிடத்திற்கு 37 லிட்டர் ஆயிலை 5 பார் அழுத்தத்தில் தள்ளுவதற்குக் கணக்குப்படி 0.31 கிலோவாட் தேவை. பம்பின் இழப்புகளையும் சேர்த்தால் அரை கிலோவாட்டை ஒட்டி வரும். அதாவது முக்கால் குதிரைத்திறனுக்கும் குறைவு. இரு மடங்கானால் இன்னொரு முக்கால். எஞ்சினின் திறனை இது கொன்றுவிடாது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தேவைக்கு மேற்பட்ட ஆயில் முழுவதும், அழுத்தம் மிகும்போது திறக்கும் ரிலீஃப் வால்வு வழியே சுற்றிச் சுற்றிச் சூடேறும். அதைவிட மோசம், உறிஞ்சும் குழாயிலும் ஓட்டம் இரு மடங்காகிவிடும்.

நான்காம் படி: உறிஞ்சும் பக்கம்

பாகூர்ப் பக்கம் கிணற்றுப் பாசனம் பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதியை விளக்கவே தேவையில்லை. நீர்மட்டம் இறங்க இறங்க, தரையில் வைத்த மோட்டார் நீரை எடுக்காமல் போனது; குதிரைத்திறனைக் கூட்டியும் பயனில்லை; மோட்டாரைக் கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்கிய பிறகுதான் நீர் ஏறியது. பம்ப் நீரை இழுப்பதில்லை. வெளியிலுள்ள காற்று நீரைப் பம்புக்குள் தள்ளுகிறது, அந்தக் காற்றிடம் இருப்பது ஏறத்தாழ 1 பார் மட்டுமே. ஆயில் பம்புக்கும் இதே வரம்புதான். வெளியேறும் பக்கத்தில் 5 பார், 6 பார் என்று நாம் விளையாடலாம். உள்ளே வரும் பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு பாரில் குழாய், வளைவு, வலை, டேங்கின் உயரம் எல்லாம் பங்கு கேட்கும்.

எனவே உறிஞ்சும் குழாயில் ஆயிலின் வேகத்தை வினாடிக்கு ஒன்றரை மீட்டரை ஒட்டி வைத்திருப்பது நல்லது. நம் 37 லிட்டர் ஓட்டத்துக்கு 16 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் வேகம் 3 மீட்டரைத் தாண்டும், 19-இல் 2.2, 25-இல் 1.3 மீட்டருக்குள் அடங்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பந்தய ஓஸ்களின் டேஷ் எண் பதினாறில் ஒரு அங்குலக் கணக்கில் உலோகக் குழாயின் வெளிவிட்டத்தைக் குறிப்பது; ஓஸின் உண்மையான உள்விட்டம் அதைவிடக் குறைவு. டேஷ் 16 என்றால் ஒரு முழு அங்குலத் துளை என்று நினைத்து வாங்கினால் ஏமாந்துவிடுவீர்கள். கடையிலேயே வெர்னியரை வைத்து, ஓஸையும் ஃபிட்டிங்கின் உட்துளையையும் அளந்து பாருங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு கனெக்டிங் ராட் பேரிங்கின் விலையில். 1.3 லிட்டர் எஞ்சின் ஒன்றுக்கு, இடம் குறைவாக இருந்ததால், டேங்கிலிருந்து பம்புக்கு டேஷ் 10 ஓஸைப் போட்டு, நடுவில் இரண்டு 90 டிகிரி எல்போக்களையும் வைத்தேன். பட்டறையில் கேஜ் அசையாமல் நின்றது. தடத்தில் 6,500 சுற்றைத் தாண்டியதும் முள் மெல்ல நடுங்கியது. ஓட்டுநர் சொன்னபோது கேஜில் கோளாறு என்று எண்ணி, கேஜைத்தான் மாற்றினேன். அடுத்த ஓட்டத்தில் மூன்றாம் சிலிண்டரின் பேரிங் போயிற்று. பம்பைப் பிரித்தபோது உள்வாயை ஒட்டிய கியரின் முகத்தில் அம்மைத் தழும்புபோல் குழிகள் இருந்தன. பம்பில் எந்தக் குறையும் இல்லை. அதன் கழுத்தை நெரித்தது நான் போட்ட ஓஸ்.

அதன்பின் நான் கைவிடாத பழக்கங்கள் சில உண்டு. டேங்கின் அடிவாய் பம்பின் உள்வாயைவிட உயரத்தில் இருக்க வேண்டும். உறிஞ்சும் ஓஸ் குறைந்த நீளத்தில், சூடானால் உள்ளொடுங்காத சுவருடன் இருக்க வேண்டும். 90 டிகிரி எல்போ தவிர்க்க முடியாதபோது, உள்ளே முழுத்துளையுடன் நீண்டு வளையும் வகையையே போட வேண்டும். அந்தப் பக்கத்தில் நுண்ணிய ஃபில்டர் கூடாது. கரடான கம்பிவலை மட்டுமே. முதல் சோதனை ஓட்டத்தில் உள்வாயில் ஒரு வெற்றிடக் கேஜைப் பொருத்திப் பாருங்கள். விற்பவர் தரும் எந்த அட்டவணையும் அந்தக் கேஜ் அளவுக்கு உண்மை பேசாது.

ஐந்தாம் படி: இழுப்புப் பிரிவுகள்

ஸ்கேவஞ்ச் என்று அழைக்கப்படும் இழுப்புப் பிரிவுகள் சம்பிலிருந்து ஆயிலை மட்டும் எடுப்பதில்லை. அதோடு கலந்த காற்றையும், பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் புகையையும் சேர்த்து எடுக்கின்றன. அதனால் அவற்றின் மொத்தக் கொள்ளளவு அழுத்தப் பிரிவைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு இருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் மூன்று இழுப்புப் பிரிவுகளும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு 30 கனசென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் நிம்மதி. நான்கு சிலிண்டர் எஞ்சினுக்குச் சம்பின் முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று, தேவைப்பட்டால் ஹெட்டிலிருந்து மூன்றாவது என்று வைக்கலாம். கிராங்க் எந்தப் பக்கமாக ஆயிலை வீசுகிறதோ, அந்தப் பக்கத்துச் சுவரையொட்டி இழுப்பு வாய் அமைய வேண்டும்.

பணத்தை மிச்சப்படுத்த இரண்டு வாய்களை டி-ஃபிட்டிங்கில் இணைத்து ஒரே பிரிவுக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாய் காற்றில் நின்றால் பம்ப் அந்தக் காற்றையே இழுக்கும், மறுவாயில் ஆயில் அப்படியே நிற்கும். ஒரே டம்ளரில் இரண்டு ஸ்ட்ராவைப் போட்டு, ஒன்றின் முனையை வெளியே எடுத்துக்கொண்டு உறிஞ்சினால் கதை தெரியும். ஒரு வாய்க்கு ஒரு பிரிவு என்பதில் விட்டுக்கொடுக்கக்கூடாது. ஒவ்வொரு வாயிலும் கம்பிவலையும் அவசியம். உடைந்த சர்க்ளிப் (பூட்டு வளையம்) துண்டு ஒன்று பம்புக்குள் போனால் பெல்ட் அறுந்து, அழுத்தப் பிரிவும் அதே நொடியில் நின்றுவிடும்.

இழுப்புப் பிரிவுகள் கிராங்க் கேஸில் வெற்றிடத்தை உண்டாக்குகின்றன. டிரை சம்பால் கிடைப்பதாகச் சொல்லப்படும் கூடுதல் திறன் பெரும்பாலும் இங்கிருந்தும், கிராங்க் ஆயிலில் அடிபடாமல் சுழல்வதிலிருந்தும்தான் வருகிறது. ஆனால் வெற்றிடம் மிகுந்தால் பிஸ்டனைக் கனெக்டிங் ராடுடன் இணைக்கும் பின்னுக்கும் சிலிண்டர் சுவருக்கும் தெறிக்கும் ஆயில் குறையும், ஆயில் சீல்கள் வெளிக்காற்றை உள்ளே விடும். வெற்றிடத்தை மட்டுப்படுத்தும் வால்வு ஒன்றைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: வகையும் உலோகமும்

அழுத்தப் பிரிவுக்கு ஸ்பர் கியர் (நேர்ப்பல் சக்கரம்), ஜெரோட்டர் (ஒன்றுக்குள் ஒன்று சுழலும் இரு ரோட்டர்கள்) ஆகிய இரண்டும் பொதுவானவை. கியர் வகை எளிமையானது, சிறு துகள்களைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும், நம் ஊர் லேத்திலேயே முகம் சீவிச் சரிசெய்ய முடியும். ஜெரோட்டர் சிறிய உடலில் அதிக ஆயிலைத் தரும், ஓட்டத்தில் துடிப்பு குறைவு. ஆனால் கீறல் விழுந்தால் ரோட்டரையே மாற்ற வேண்டும். இழுப்புப் பிரிவுக்கு மடல் வடிவில் இணையாகச் சுழலும் ரூட்ஸ் வகை ரோட்டர்கள் காற்றும் ஆயிலும் கலந்ததை நன்றாகக் கையாளும், விலையும் அதற்கேற்ப உயரும்.

எடைக்காக மெக்னீசிய உடல் கொண்ட பம்பைத் தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கடற்காற்று வீசும் நம் ஊரில், பூச்சு உரிந்த இடத்தில் மெக்னீசியம் வெகு விரைவில் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். அனோடைஸ் செய்த அலுமினியமே இங்கே ஏற்றது. பந்தயங்களுக்கு இடையில் பம்பைக் கழற்றி வைத்தால் உள்ளே ஆயில் ஊற்றி, வாய்களை மூடியே வையுங்கள். பயன்படுத்திய பம்பை வாங்குவதாக இருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். உடலின் உட்சுவரில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தாலோ, தண்டு மேலும் கீழும் ஆடினாலோ, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

ஏழாம் படி: ரிலீஃப் வால்வு

வெளிப்புற பம்பில் சரிசெய்யக்கூடிய ரிலீஃப் வால்வு இருக்கும். எஞ்சினின் பழைய பம்பை எடுத்துவிட்டு, அதன் உள்வழியையும் பழைய ரிலீஃப் வால்வையும் அடைக்க மறந்தால், இரண்டு வால்வுகளில் குறைந்த அழுத்தத்தில் திறப்பதே முடிவைத் தீர்மானிக்கும். புதிய வால்வை எவ்வளவு முறுக்கினாலும் கேஜ் அசையாது. ஆயிரம் சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ, அதாவது 0.7 பார், என்ற பழைய விதிப்படி 7,500 சுற்றுக்கு 5.2 பார் வரும். இறுக்கமான கிளியரன்ஸும் மெல்லிய ஆயிலும் கொண்ட எஞ்சின்கள் இதைவிடக் குறைவாகவே நலமாக ஓடுகின்றன. எஞ்சின் கட்டியவர் சொல்லும் எண்ணை எடுத்துக்கொண்டு, ஆயில் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு மட்டுமே வால்வை அந்த எண்ணுக்குத் திருப்புங்கள்.

எட்டாம் படி: பெல்ட், டேங்க், பொருத்துதல்

பம்பை எஞ்சின் பிளாக்கிலேயே, தடித்த பிராக்கெட்டில் பொருத்த வேண்டும். சேஸிஸில் பொருத்தினால் எஞ்சின் ஆடும்போதெல்லாம் பெல்ட் இழுபடும். குளிர்ந்த நிலையில் பெல்ட் சற்றுத் தளர்வாகவே இருக்கட்டும். அலுமினிய பிளாக் சூடேறி விரியும்போது அது தானே இறுகும். முன்கூட்டியே முறுக்கிவைத்தால் பம்பின் முன் பேரிங் தேயும். 8 மில்லிமீட்டர் பல் இடைவெளி கொண்ட எச்டிடி (வளைந்த பல் கொண்ட) பெல்ட்டுக்கு அமைந்த புல்லியையே தேர்ந்தெடுங்கள். பேக்கிங் இயந்திரங்களிலும் அந்த பெல்ட் ஓடுவதால், புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குச் சரக்கு கொடுக்கும் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து மட்டுமே வரக்கூடிய பெல்ட், பந்தயத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலையில் உங்களைக் கைவிடும்.

டேங்க் உயரமாகவும் குறுகலாகவும், ஆயில் மேலே பக்கவாட்டில் நுழைந்து சுவரைச் சுற்றி இறங்கும்படியும் இருந்தால் காற்று பிரியும். 8 லிட்டர் ஆயில் நிமிடத்திற்கு 37 லிட்டர் வேகத்தில் சுழன்றால், காற்றைப் பிரிக்க அதற்கு 13 வினாடிதான் கிடைக்கிறது. ஆகவே ஆயிலைக் குறைத்து எடையை மிச்சப்படுத்தும் யோசனையை விட்டுவிடுங்கள்.

ஒன்பதாம் படி: முதல் ஓட்டம்

பெல்ட்டைக் கழற்றி, டிரில் மெஷினால் பம்பை அதன் சரியான திசையில் சுழற்றி, கேலரியின் கடைக்கோடியில் அழுத்தம் தெரியும்வரை ஆயிலை நிரப்புங்கள். அழுத்த சென்சாரையும் அந்தக் கடைக்கோடியிலேயே வையுங்கள். பம்பின் வாயில் வைத்த சென்சார் பம்பின் நலத்தைச் சொல்லும், பேரிங்கின் நலத்தைச் சொல்லாது. தடத்தில் அழுத்தத்தையும் பக்கவாட்டு விசையையும் ஒன்றாகப் பதிவுசெய்து பாருங்கள். வளைவில் விசை ஏறும் அதே இடத்தில் அழுத்தம் இறங்கினால் டேங்கிலும் இழுப்புப் பிரிவிலும் குறை. சுற்று ஏறும்போது மட்டும் நடுங்கினால் உறிஞ்சும் பக்கத்தில் குறை. சூடு ஏற ஏறச் சீராக இறங்கினால் கிளியரன்ஸையும் ஆயில் கிரேடையும் பாருங்கள்.

கடைசியாக, பழைய புல்லட்காரர்கள் அறிந்த ஒரு தொல்லை இங்கேயும் உண்டு. வண்டி சில வாரம் நின்றால், உயரத்திலுள்ள டேங்கின் ஆயில் பம்பின் இடைவெளிகள் வழியே மெல்ல வடிந்து சம்பில் சேர்ந்துவிடும். டேங்க் அளவைப் பார்த்துக் குறைகிறது என்று மேலும் ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தால், இழுப்புப் பிரிவு எல்லாவற்றையும் டேங்குக்கு அனுப்பி, டேங்கின் காற்றுப்போக்கியான பிரீதர் வழியே ஆயில் வழியும். நின்ற வண்டியில் முதலில் பெல்ட்டைக் கழற்றிப் பம்பைச் சுழற்றி ஆயிலைத் திருப்பி அனுப்பிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுச் சூடான பிறகுதான் அளவுகோலைப் பார்க்க வேண்டும்.